மாற்றி வைத்த கொப்பு

எங்கள் சோதனைக்கூடத்துக்கு வரும் துப்பாக்கி அம்மணமாகத்தான் வர வேண்டும். படம், தங்கம், பளபளப்பு எதுவும் இல்லாத வெறும் வெள்ளை இரும்பு. அளவுக்கு மீறி மருந்து அடைத்த தோட்டாவைப் போட்டு, இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டி, வெளியே நின்று கயிற்றை இழுப்போம். தாங்கினால் முத்திரை குத்துவோம். தாங்காவிட்டால் துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுத் திருப்பி அனுப்புவோம். அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகுதான். துப்பாக்கி செய்தே பிழைக்கும் எங்கள் ஃபெர்லாக்கில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மார்ச்சில் என் மேசைக்கு வந்த பன்னிரண்டு துப்பாக்கிகள் சீவிச் சிங்காரித்துக்கொண்டு வந்தன. அக்ரூட் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் கருப்புக் கார்பன் நார்க் கட்டை. தோளில் வைத்தால் ஆஸ்பத்திரித் தட்டைத் தாங்கிய மாதிரி இருந்தது. குழலின் மேல் என் தங்கை புருஷன் வாலன்டின் ஓலிபிட்ஸின் பெயர். பூட்டுப் பகுதியின் அடித்தகட்டில் என் தங்கை ரோஸ்வித்தாவின் படம். படம் என்றால் அவள் முகம் இல்லை, அவள் செதுக்கியது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுட்டுக் கிடத்திய கலைமான், அதன் விலாவில் தங்கத்தில் ஒரு கொப்பு. பின்னங்காலுக்குக் கீழே புல்லுக்குள் ஒளிந்து கிடக்கும் அவள் பெயரின் இரண்டு எழுத்து. முதல் எழுத்தின் காலில் மயிரிழை அளவுக்கு ஒரு வழுக்கல். அந்த வழுக்கல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன் வேறொரு துப்பாக்கியில், நெஞ்சுச் சளியோடு அவள் அந்த எழுத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இருமினாள், உளி ஓடிவிட்டது, அன்று முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பன்னிரண்டிலும் அந்த இருமல் இருந்தது. ஒரு மனுஷி பன்னிரண்டு தடவை ஒரே இடத்தில் ஒரே அளவுக்கு இருமுவாளா?

 பெட்டியை மூடிவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

வெடித்துத் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் கயிற்றை இழுத்தேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொய் சொல்லக் கூடாது, இரும்பு அருமையான இரும்பு. பூட்டு மூடும் சத்தம் கேட்கவே இதமாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. முத்திரையைக் குத்தினேன்.

இதற்கெல்லாம் வித்து போன இலையுதிர் காலத்தில் வந்த ஹெஸ் என்கிற ஆள். மியூனிக்கிலிருந்து வந்த வடிவமைப்பாளன். மலைக்கு அந்தப் பக்கம் பெரிய பணக்காரர்கள் ஒன்று சேர்ந்து வேட்டைச் சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரே மாதிரி பன்னிரண்டு துப்பாக்கி வேண்டுமாம். ரோஸ்வித்தாவின் வேலையறைக்குள் அவன் நுழைந்ததுமே அவன் பூசியிருந்த வாசனைத் தண்ணீர் ஆளிவிதை எண்ணெய் வாசத்தை அமுக்கிவிட்டது. வாலன்டின் அவனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். இந்த வாலன்டின் முப்பது வருஷமாக, "மிஷின்ல செய்யறது தகர டப்பா, துப்பாக்கி இல்ல" என்று சாராயக் கடையில் மேசையைத் தட்டியவன். ஆனால் அவனுடைய பூட்டுகள் பாதிவரை பக்கத்துப் பள்ளத்தாக்கு மிஷினில் கடைந்து வருவது ஊருக்கே தெரியும். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஹெஸ் சொன்னதை நானே காதால் கேட்டேன்.

"மேடம், எங்க லேசர் வெட்டுறது ரொம்ப சுத்தம். அதான் பிரச்சினையே. பாக்கறவனுக்குக் கை தெரியணும். நீங்க உக்காந்து ஒவ்வொண்ணுலயும் சின்னச் சின்னதா ரெண்டு மூணு தப்பு போட்டுக் குடுத்தா போதும்."

"தப்பா?"

"ஆமா. கை நடுங்கின மாதிரி. இயற்கையா."

ரோஸ்வித்தா உளியைக் கீழே வைத்தாள். "என் வயசுல பாதி, தப்பு வராம வெட்டக் கத்துக்கறதுல போச்சு தம்பி. மீதியில உக்காந்து தப்பு போடச் சொல்றீங்களா?"

"அதுக்குத்தான் மேடம் மதிப்பே!"

"வெளிய போற வழி தெரியுமா, இல்ல எங்க அண்ணனைக் கூட அனுப்பட்டுமா?"

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். வாலன்டின் வாசல்வரை போய்ப் பேசிவிட்டு வர ரொம்ப நேரம் ஆனது. குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டதா என்று பார்த்தேன் என்றான். அப்போது அக்டோபர் மாதம், தண்ணீர் உறைய இன்னும் நாள் இருந்தது.

*

முத்திரை குத்திய அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு தங்கை வீட்டில். தெற்கே லொய்பல் கணவாயிலிருந்து சூட்டுக்காற்று இறங்கி, கூரைப் பனியெல்லாம் சொட்டுச் சொட்டாக வடிந்து, ஊரே தலைவலியோடு இருந்தது. ரோஸ்வித்தா காஸ்நூடல் செய்துகொண்டிருந்தாள். மாவுக்குள் தயிர்க்கட்டியும் புதினாவும் வைத்து மடித்து, விளிம்பைக் கட்டைவிரலால் மடித்து மடித்துப் பின்னல் போட வேண்டும். அவள் பின்னும் விளிம்பு ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும். உளி பிடித்தால் தப்பாத கை, மாவில் மட்டும் தன் இஷ்டத்துக்குப் போகும்.

வாலன்டின் பேரிக்காய்க் கள் ஊற்றிக் கொடுத்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"மாப்ளே, இன்னைக்கு உன் துப்பாக்கிங்க வந்துச்சு," என்றேன்.

"தாங்குச்சா மச்சான்?"

"தாங்குச்சு. ரோசி, உனக்கு இருமல் எப்படி இருக்கு?"

"எனக்கேது இருமல்? நல்லாத்தானே இருக்கேன்."

"உன் இருமல் எங்க ஆபீசுக்கு வந்திருக்கு. பன்னெண்டு பெட்டில."

அவளுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. மாவுக் கையோடு கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். அலமாரியில் அந்தப் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்கியது. கிராட்ஸ் நகரத்துச் சிமெண்ட் முதலாளி ஒருவருக்கு அவர்கள் செய்தது. அவர் செத்த பிறகு அவர் மனைவி, வீட்டில் இதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ரோஸ்வித்தா அதிலிருந்த படத்தைவிட நன்றாக எதையும் செதுக்கியதில்லை.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி அலமாரி காலியா இருந்துச்சே. எண்ணெய் போடக் கழட்டி வெச்சிருக்கேன்னு சொன்னியே," என்றாள்.

"ஒரு வாரம்தான் குடுத்தேன்," என்றான் வாலன்டின். "படம் புடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். ஒரு கீறல் இல்ல. துப்பாக்கியத்தானே குடுத்தேன், உன் கைய வெட்டியா குடுத்தேன்?"

"ஆமா. அதைத்தான் குடுத்திருக்க."

"என்ன பேச்சு பேசற? நாலு மாசம் ராவு, எட்டு மாசம் ராவு, வருஷம் பூரா ராவுன்னு ராவியே என் தோள்பட்டை போச்சு. அவன் மிஷின் பூட்டை நீ மூடிப் பாத்தியா? மச்சானைக் கேளு. என் ஆயுசுல நான் ஒண்ணு அப்படி மூடினது கிடையாது. நல்லா இருக்கிறத நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லு. அவன் பேரைப் போட்டுச் சொல்லு. மிஷின் செஞ்சதுக்கு உன் பேரு எதுக்கு? என் எழுத்து எதுக்கு?"

"அவங்களுக்கு அதுதான் வேணுமாம்."

"திருடன்கூடப் பொருளைத்தான் எடுப்பான், பேரை எடுக்க மாட்டான்யா."

அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது. யாரும் போய்த் தணிக்கவில்லை. ரோஸ்வித்தா என் பக்கம் திரும்பி, வேறு குரலில் கேட்டாள்: "அண்ணே, கொப்பு எப்படி இருக்கு?"

நான் அவளையே பார்த்தேன். "அப்படியேதான் இருக்கு."

"பன்னெண்டுலயுமா?"

"பன்னெண்டுலயும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "என்ன, என்ன கொப்பு?" என்று வாலன்டின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

எங்கள் பக்கத்தில் சுட்ட மானை அப்படியே இழுத்துக்கொண்டு வர மாட்டார்கள். அதைக் கிடத்தி, விலாவின் மேல் ஒரு ஃபர் மரக் கொப்பை ஒடித்து வைப்பார்கள். ஆண் மானான கலைமான் என்றால் ஒடித்த முனை தலைப்பக்கம் இருக்க வேண்டும். பெண் மானான பிணைமான் என்றால் இலைநுனி தலைப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சுட்டவனை ஊரே கேலி செய்யும். அந்தச் சிமெண்ட் முதலாளி சுட்டது வேலி போட்ட காட்டில், தீவனத் தொட்டிக்கு முன்னால், பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரும் மான். வளர்ப்பு மான் என்று காட்டக் காதில் பிளாஸ்டிக் கம்மல். கம்மலைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டுப் போட்டோ எடுத்து, அதைத் துப்பாக்கியில் செதுக்கித் தரச் சொன்னார். போட்டோவில் காதுத் தொளை தெரிந்தது. "அந்தத் தொளை வேணாம்," என்றார். ரோஸ்வித்தா தொளையைச் செதுக்கவில்லை. கொப்பைத் திருப்பி வைத்துவிட்டாள். உன் வீரத்துக்கு இது பிணைமானாகவே இருக்கட்டும் என்று. எனக்கு மட்டும்தான் சொன்னாள். அந்த மனுஷர் சாகும்வரை அதை விருந்துக்கு விருந்து காட்டியிருக்கிறார். பார்த்தவர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். எவனும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் அடுத்த வேட்டைக்குக் கூப்பிட மாட்டாரே.

வாலன்டின் இரும்பைப் பார்ப்பானே ஒழிய இரும்பின் மேலுள்ள படத்தைப் பார்த்ததே கிடையாது. அலமாரியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய் முதல் தடவையாகப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்துகொண்டே போனது.

"ஐயோ," என்றான். "இதுல என் பேரு இருக்கே."

"இப்பதான் தெரியுதா?" என்றாள் ரோஸ்வித்தா. எழுந்து போய் அடுப்பைத் தணித்தாள்.

அன்று காஸ்நூடல் கஞ்சியாகக் குழைந்துவிட்டது. வெண்ணெய் ஊற்றி மூன்று பேரும் பேசாமல் தின்றோம்.

*

சனிக்கிழமை முழுக்க அவன் அவள் பின்னாலேயே சுற்றினான். திங்கட்கிழமை காலையில் ஹெஸ் வந்து பெட்டிகளை எடுத்துப் போவதாக ஏற்பாடு. தங்கத்தை நோண்டி எடுத்துவிட்டு, கொப்பை மட்டும் திருப்பி வைத்துத் தந்தால் போதும் என்று கெஞ்சினான். பன்னிரண்டு பெரிய மனுஷர்கள் கையில் பன்னிரண்டு பிணைமான். தன் பேர் நாறிப் போகும் என்றான். கோழிக்குத் தவிடு வைக்கப் போனாலும் பின்னால் போனான்.

"உன் பேரு, உன் பேருங்கறியே. என் எழுத்து பன்னெண்டு இடத்துல கிடக்கே, அது எதுல சேத்தி?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கால்ல விழட்டுமா?"

"கால்ல விழுந்தா எனக்கென்ன கிடைக்கும்? தவிட்டை மிதிக்காம நில்லு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளே சொன்னாள்: "பெட்டிய கொண்டாந்து உள்ள வை. யாரும் வராதீங்க." கதவைச் சாத்திக்கொண்டாள். வாலன்டின் முற்றத்தில் நின்று எனக்குக் கள் ஊற்றினான். "என்ன இருந்தாலும் என் பொண்டாட்டி மச்சான்," என்றான். உள்ளே உளியில் சுத்தியல் தட்டும் சத்தம் சின்னதாக, விட்டு விட்டு, மாலைவரை கேட்டது. கெட்டிப்படுத்திய இரும்பு. ஒவ்வொரு தட்டுக்கும் உளி முனை மழுங்கும்.

திங்கள் காலையில் வாலன்டின் முதல் பெட்டியைத் திறந்தபோது ஹெஸ்ஸின் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. கொப்பு இருந்தபடியே இருந்தது. புல்லுக்குள் இருந்த இரண்டு எழுத்தும் போயிருந்தன. அந்த இடத்தில் புல்லோடு புல்லாக நான்கு கோடு. நான் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டேன். ஹெஸ் உள்ளே வந்துவிட்டதால் வாலன்டினால் அவளைக் கேட்க முடியவில்லை. 

ஹெஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். அவன் கண்ணுக்குக் கொப்பெல்லாம் தெரியவில்லை. "மேடம், இங்க உங்க எழுத்து இருந்துச்சே?"

"என்னுது. எடுத்துக்கிட்டேன்."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். சிரித்தான். "எடுத்துக்கங்க மேடம், தாராளமா எடுத்துக்கங்க," என்றான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

*

செப்டம்பரில் கலைமான்கள் இணை தேடிக் கத்தத் தொடங்கியதும் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. துப்பாக்கி செய்த மாஸ்டர் தங்கள் வேட்டையில் விருந்தாளியாக இருக்க வேண்டுமாம். வாலன்டின் தூக்குமேடைக்குக் கூப்பிட்ட மாதிரி ஆனான். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ரோஸ்வித்தாவையும் அழைத்திருந்தார்கள். அவள், "முட்டைக்கோஸ் ஊறுகாய் போடணும்," என்று சொல்லிவிட்டாள்.

போனால் அங்கேயும் வேலிதான். பச்சை வர்ணம் அடித்த உயரமான கம்பி வேலி. தீவனத் தொட்டியில் மக்காச்சோளம் கொட்டிக் கிடந்தது. கண்ணாடி போட்ட பரணில் சோபா, சூடு போடும் அடுப்பு, சாராயக் குப்பி. புதுக் கோட்டு, புதுத் தொப்பி, புது பூட்ஸ் என்று கடையிலிருந்து நேராக வந்தவர்கள். சங்கத் தலைவர் பரணில் உட்கார்ந்தபடியே சுட்டார். மான் சோளத்திலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை. வாயில் சோளத்தோடு விழுந்தது. நான் ஊரில் எத்தனையோ மான் அறுத்தவன். அதைப் பார்த்து எனக்குச் சாப்பாடே பிடிக்காமல் போய்விட்டது.

காட்டுக் காவலன் வந்து மானைப் புரட்டிக் கிடத்தி, கொப்பை ஒடித்து முறையாக வைத்தான். ஒடித்த முனை தலைப்பக்கம். தலைவர் போட்டோவுக்கு மண்டியிட்டார். துப்பாக்கியை மானின் மேல் சாய்த்து வைத்தவர் அடித்தகட்டையும் மானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வேற மாதிரி இருக்கே. துப்பாக்கில நுனிதானே தலைப்பக்கம் இருக்கு?"

மற்றவர்களும் தங்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. இதோ வந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என் தங்கை மாற்றி வைத்த கொப்பு இத்தனை வருஷம் கழித்து வேலை செய்யப் போகிறது.

தலைவர் திரும்பினார். "மாஸ்டரைக் கேப்போம். எது மாஸ்டர் சரி?"

காவலன் வாலன்டினைப் பார்த்தான். நானும் பார்த்தேன். வாலன்டினின் கழுத்து அந்த வெள்ளிக்கிழமை மாதிரியே சிவந்தது. தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"துப்பாக்கில இருக்கிறதுதான் சரி," என்றான். "அது ஃபெர்லாக் முறை. ரொம்பப் பழசு. இப்ப யாருக்கும் தெரியறதில்ல."

"அட!" என்றார் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் கை தட்டினார். தலைவர் குனிந்து கொப்பைத் தன் கையால் திருப்பி வைத்தார். காவலன் அவர் வீட்டுச் சம்பளம் வாங்குகிறவன், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். போட்டோ எடுத்தார்கள். மானின் காதில் தொளை இருந்தது.

வரும் வழியில் காரில் வாலன்டின் பாட்டுப் பாடினான். "தப்பிச்சோம் மச்சான்! பாத்தியா, நம்ம கொப்பு பேர் வாங்கிருச்சு!" நான் காரை நிறுத்தச் சொல்லி, பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி, திராவ் ஆற்றங்கரையோடு நடந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ரோஸ்வித்தாவிடம் நான்தான் சொன்னேன். முட்டைக்கோசைச் சீவிக்கொண்டே கேட்டாள். உப்பை அள்ளிப் போட்டு, கையால் அமுக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்தாள்.

"அண்ணே, திட்டு வாங்கினா ரோஷம் வரணும். இதுங்களுக்கு அதுவும் வரல பாரு. திட்டினதை எடுத்து மாலையா போட்டுக்கிட்டானுங்களே."

"உன் புருஷன் போட்டுவிட்டான்."

"அவனைச் சொல்லாத. அவன் பேச்சை எடுத்தா வாந்தி வருது."

அன்றிலிருந்து அவள் வாலன்டினுக்கு எதுவும் செதுக்கவில்லை. அந்த வீட்டில் குழலின் மேல் அவன் பெயரை வெட்டுவது அவள் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள்தான் வெட்டினாள். இப்போது அதையும் மிஷினுக்குக் கொடுத்தான். ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், வெள்ளிக்கிழமைகளில் உப்பு வேண்டுமென்றால் என்னைக் கேட்டார்கள்.

*

பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் ரோஸ்வித்தா சோதனைக்கூடத்துக்கு வந்தாள். பழைய கம்பளியில் சுற்றி எதையோ கொண்டு வந்திருந்தாள். பிரித்தேன். அலமாரித் துப்பாக்கி. அடித்தகட்டில் மான் இல்லை, கொப்பு இல்லை, புல் இல்லை. அரத்தால் ராவி, எண்ணெய்க் கல்லால் தேய்த்து வெறும் வெள்ளையாக்கியிருந்தாள். அவ்வளவு நாள் உட்கார்ந்து செய்ததை அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தாள். 

"இரும்பு குறைஞ்சிருக்கு. மறுபடியும் சுட்டுப் பாக்கணும்ல? சட்டம் அப்படித்தானே?" என்றாள்.

"ஆமா. ஆனா எதுக்கு ரோசி? இது ஒண்ணுதானே அசல்?"

"அதான். அந்த மிஷின் துப்பாக்கிங்களுக்கு அசல்னு ஒண்ணு இருக்க வேணாம்."

அவளை நான் உள்ளே விட்டிருக்கக் கூடாது. என் மேசையில் அன்று காலை வந்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. சங்கத்தின் சிநேகிதர்களுக்காம், போன தடவையைவிட இரண்டு பங்கு. மேலே இருந்த பெட்டி திறந்திருந்தது. நான் மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

மான், தலைப்பக்கம் நுனி பார்த்த கொப்பு, புல். புல்லுக்குள் அந்த இரண்டு எழுத்து. ஹெஸ் எதற்குச் சிரித்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சுரண்டி எடுத்தது பன்னிரண்டு இரும்பிலிருந்து. அவனிடம் இருப்பது இரும்பே இல்லை, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த படம்.

அவள் விரல் நகத்தால் முதல் எழுத்தின் காலைத் தடவினாள். வழுக்கிய இடத்தில் நகம் நின்றது.

"என் இருமல்கூட அதுங்ககிட்ட இருக்குண்ணே," என்றாள்.

 பெட்டியை மூடினேன். அவளுடைய துப்பாக்கியை எடுத்துக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினேன். வெளியே வந்து கயிற்றைக் கையில் எடுத்ததும், "குடு," என்று வாங்கிக்கொண்டாள். வெளியாள் கயிற்றைத் தொடக் கூடாது. நான் தடுக்கவில்லை.

இழுத்தாள். சுவர் அதிர்ந்தது, மருந்துப் புகை வந்து இரண்டு பேருக்கும் இருமல் வந்தது. துப்பாக்கி தாங்கியிருந்தது.